முதல்ல கண்ணாடியா, முதல்ல மாப்பிள்ளையா

என்னையக் கூட்டியாந்து இங்கன உக்கார வச்சு, "அக்கா, புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு முதலாளி கல்லாவுக்குப் போயிட்டாவ. நாலு வார்த்தையில எனக்கு என்னைக்குப் பேச்சு முடிஞ்சிருக்கு? ரிட்டையர் ஆனது கண்ணு டெஸ்ட் பண்ற கைதான், வாய் இல்ல. ஏலே தம்பி, அந்தப் போனக் கவுத்தி வையி. நீயுந்தான் தாயி. படிப்பெல்லாம் நீங்க என்னைய விடக் கூடுதலாத்தான் படிச்சிருக்கீங்க. லென்ஸு, நம்பரு, அதையெல்லாம் நான் சொல்ல வரல. இந்தக் கோவில்பட்டிச் சனத்துக்கிட்ட நான் பட்ட பாடு இருக்கே, அதச் சொல்லுதேன். கேட்டுட்டு உங்க சோலியப் பாருங்க.

தூரத்துக் கண்ணாடி வாங்க வாறவியளால ஒரு சள்ளையும் இல்ல. பஸ் போர்டு தெரியல, கண்ணாடி குடுங்கம்பாவ, வாங்கிட்டுப் போயிருவாவ. இந்த வெள்ளெழுத்து இருக்கே, அதான் நம்ம உசுர வாங்கும். நாப்பது தாண்டினா பக்கத்து எழுத்து மங்கும். கலெக்டருக்கும் மங்கும், கருவாடு விக்கிறவளுக்கும் மங்கும். ஆனா ஒருத்தராவது ஒத்துக்கிடுவாவளா? பேப்பர்ல இப்பெல்லாம் மை சரியில்லம்பாவ. வீட்டுல லைட்டு டல்லும்பாவ. மருந்துச் சீட்டத் தள்ளித் தள்ளிப் பிடிச்சு, கை நீளம் பத்தாமப் போன பொறவுதான் கடைப் படி ஏறுவாவ. ஏறியும், "நமக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே ஒரு செக்கப்"னு ஒரு பேச்சு. எனக்கு வாற எரிச்சலுக்கு அளவே கிடையாது.

தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருந்த ஒரு முதலாளி, செத்துப்போன அவிய அப்பா கண்ணாடியத்தான் போடுவேன்னு நின்னாவ. அப்பா உக்காந்த நாற்காலி, அப்பா கண்ணாடி, தொழிலுக்கு ராசியாம். அப்பாவுக்கு அந்தக் காலத்துல கண்ணு ஆபரேஷன் ஆயி, அதுக்குக் குடுத்த சோடாபுட்டி கண்ணாடி அது. அத மாட்டிக்கிட்டு மாடிப்படியில எறங்கி, கால்ல மாவுக்கட்டோட வந்தாவ. அப்பவும் விடலையே! "ஃபிரேம் அப்படியே இருக்கட்டும், உள்ள லென்ஸ மட்டும் மாத்திக் குடுங்க"ன்னாவ. சரின்னு மாத்திக் குடுத்தேன். ராசி ஃபிரேமுல இருக்கா லென்ஸுல இருக்கான்னு நாம எதுக்கு விசாரிக்கணும்? இந்தத் தொழில்ல எதுல பிடிவாதம் பிடிக்கணும், எத விட்டுக் குடுக்கணும்னு தெரிஞ்சிருக்கணும்.

இப்ப உங்களுக்கு மெசின் வந்திட்டு. தாடைய வச்சா நம்பரத் துப்புது. பக்கத்துக் கண்ணாடிக்கு வயசக் கேட்டு ஒரு பவரச் சேத்து எழுதிருதீங்க. நான் குத்தம் சொல்லல. முக்காவாசிப் பேருக்கு அது சரியாத்தான் வரும். மிச்சம் காவாசிப் பேருக்கிட்டதான் உங்க பொழப்பு இருக்கு. அந்தக் காவாசியில ஒரு குடும்பத்தப் பத்திச் சொல்லுதேன்.

பாகு அண்ணாச்சின்னு வச்சுக்கிடுங்க. நெசப் பேரு வேண்டாம், ஊருக்குள்ள இருக்கிறவிய. கடலைமிட்டாய்க் கம்பெனியில வெல்லப்பாகு பதம் பாக்குற வேலை. அவியளுக்குச் சக்கரை வியாதி. பாகு காய்ச்சுறவருக்குச் சக்கரை வராம உப்பு விக்கிறவருக்கா வரும்னு தெருவே கேலி பேசும். மாத்திரையில நிக்காம, காலையில இன்சுலின் ஊசி போடுற அளவுக்கு வந்திட்டு. கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சு லேசரும் வச்சாச்சு. தூரத்துல ஆள் அடையாளம் தெரியும். பக்கத்துல பொடி எழுத்து எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. அப்பப்ப என்கிட்ட வருவாவ. கூட அவிய வீட்டம்மாவும் வருவாவ. திரைக்கு வெளிய ஸ்டூல்ல உக்காந்து பேப்பரால விசிறிக்கிட்டு இருப்பாவ.

ஒரு நாள் அண்ணாச்சி வரல. அவிய மக, அம்மாவக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. ஒரே பிள்ளை. ஸ்பின்னிங் மில்லு ஆபீஸ்ல வேலை. நல்ல லெச்சணமான பிள்ளை, அதிகம் பேசமாட்டா.

"மேடம், அம்மாவுக்குப் பக்கத்துல ஒண்ணுமே தெரியல. டெஸ்ட் பண்ணுங்க."

"யாருக்குட்டீ தெரியல? எனக்கு எல்லாம் தெரியுது. இவ சும்மா சொல்லுதாக்கா."

சரி, தெரியுதா தெரியலையான்னு அட்டை சொல்லிட்டுப் போகுதுன்னு படிக்கிற அட்டையக் கையில குடுத்தேன். அப்பல்லாம் நம்ம கடையில தமிழ்ல ஒரே ஒரு அட்டைதான். 'மழை பெய்தால் குளம் நிறையும்'னு பெரிய எழுத்துல ஆரம்பிச்சு, எறும்பு மாதிரிப் பொடி எழுத்து வரைக்கும் எறங்கும். அந்தம்மா கடகடன்னு கடைசி வரி வரைக்கும் வாசிச்சிட்டாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சின்ன வயசுப் பிள்ளைகளே தடுமாறுற எழுத்து அது! பொறவு கவனிக்கேன், அட்டை கையில கெடக்கு, கண்ணு சுவத்தப் பாக்குது. அட்டைய வாங்கித் தலைகீழாத் திருப்பிக் குடுத்தேன்.

"எங்க, இன்னொருக்கா வாசிங்க."

"மழை பெய்தால் குளம் நிறையும், குளம் நிறைந்தால்..."

மக தலையில அடிச்சுக்கிட்டா. விசயம் வேற ஒண்ணும் இல்ல. டெஸ்ட் ரூமுன்னு நமக்கு அப்ப என்ன இருந்துச்சு, ஒரு திரைச்சீலைதான். அண்ணாச்சிக்காக வந்து வெளிய உக்காந்தப்பெல்லாம், உள்ள வர்றவிய போறவிய வாசிச்சத பூராக் கேட்டுக் கேட்டு அந்தம்மாவுக்கு மனப்பாடம். "ஏம்மா, இது என்ன பரீட்சையா, காப்பியடிச்சுப் பாஸ் பண்றதுக்கு?"ன்னு கேட்டேன். சிரிச்சாவ. "இன்னைக்கு நாளு நல்லா இல்லக்கா, பொறவு வாரேன்"னு செருப்ப மாட்டிக்கிட்டுப் போயே போயிட்டாவ. அன்னையிலருந்து நான் அட்டைய நம்புறத விட்டேன். அன்னன்னைக்குப் பேப்பரக் கிழிச்சுத்தான் குடுப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்க. இந்தச் சனம் எதையும் மனப்பாடம் பண்ணும்.

கொஞ்ச நாள் கழிச்சு அந்தம்மா தனியா வந்தாவ, உச்சி வெயில்ல, கடையில ஆளு இல்லாத நேரமாப் பாத்து. வாசல்ல யாராவது தெரிஞ்சவிய நிக்காவளான்னு ரெண்டு தடவை திரும்பிப் பாத்துட்டு, என் காதுகிட்ட வந்து கேட்டாவ:

"போட்டா போட்ட மாதிரியே தெரியாத கண்ணாடி ஏதும் இருக்காக்கா?"

"இருக்கு. போடாம வீட்டுல வச்சா அப்படித்தான் இருக்கும்"னேன்.

கோவப்படுவாவன்னு பாத்தா, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்திட்டாவ. பொறவு பைய விசயம் வெளிய வந்துச்சு. மகளுக்கு மாப்பிள்ளை பாக்காவ. "அவ அப்பாவுக்குச் சக்கரை, கண்ணுல லேசர்னு ஊரு பூராத் தெரியும். நானும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நின்னா, அப்பன் பக்கமும் கோளாறு, ஆத்தா பக்கமும் கோளாறு, பிறக்கப்போற பிள்ளைக்கும் கோளாறுதாம்பாவ. எங்க நாத்தனா மகளுக்கு அப்படித்தான் ஒரு நல்ல இடம் தட்டிப்போச்சு. மாப்பிள்ளை அமையட்டும்க்கா. தாலி ஏறின மறுநாள் நானே வந்து வாங்கிக்கிடுதேன்."

"இது வியாதி இல்லம்மா, வயசு. அந்த மாப்பிள்ளையோட ஆத்தாவுக்கும் வெள்ளெழுத்து இருக்கத்தான் செய்யும்."

"இருக்கும். அவிய மாப்பிள்ளை வீடுல்லாக்கா."

இதுக்கு நான் என்னத்தச் சொல்ல? கூறு கெட்ட பேச்சுன்னு தள்ளவும் முடியல. பொண்ணு வீட்டுக்காரி பயம் அது, அதுல ஒரு ஞாயம் இருக்கு. ஞாயம் இருந்ததாலதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதோட விடல, மகளப் பத்தியும் ஒரு பாட்டம் அழுதாவ. வர்ற மாப்பிள்ளைக்கெல்லாம் அவ ஒரு நொட்டை சொல்லுதாளாம். கயத்தாறுல ஒரு இடம், பையன் சொந்தமா டயர் கடை வச்சிருக்கான். ரோட்டுல ராவெல்லாம் லாரி சத்தம், எனக்குத் தூக்கம் வராதுன்னுட்டாளாம். பசுவந்தனையில ஒரு இடம், நெலபுலம் உள்ள குடும்பம், பையன் வாத்தியாரு. மழை பெஞ்சா கரிசல்ல காலு புதையும், நான் அங்கன போகமாட்டேன்னாளாம். "மெட்ராஸ்ல பிறந்து வளந்தவ மாதிரில்லா பேசுதா! வருசம் போயிக்கிட்டே இருக்கு. இவ மனசுல என்னதான் இருக்குன்னு எனக்கு வெளங்கல"ன்னு மூக்கச் சிந்துனாவ.

நான் கேட்டேன், "அதெல்லாம் இருக்கட்டும். இப்ப உங்களுக்கு யாரு படிச்சுச் சொல்லுதா?"

பிள்ளைகளா, இந்த ஒரு கேள்விய எழுதி வச்சுக்கிடுங்க. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு நெஞ்ச நிமித்தி ஒருத்தரு சொன்னா, அவியளுக்குப் பின்னால வேற ஒருத்தர் கண்ணு வேலை பாத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பொண்டாட்டி பில்லு படிப்பா, மகன் மெசேஜ் படிப்பான், கடைப் பையன் விலை சொல்லுவான். அந்த ஆளு இல்லாத அன்னைக்குத்தான் வெள்ளெழுத்து எம்புட்டு முத்தியிருக்குன்னு தெரியும்.

"மக இருக்கால்லா. அவ படிச்சுச் சொல்லுவா"ன்னாவ.

"அண்ணாச்சி ஊசி மருந்து?"

"அதுவும் அவதான் காலையில அளவு பாத்து இழுத்துக் குடுப்பா. குத்துறது மட்டும் நான்."

அந்த ஊசிய நீங்க பாத்திருப்பீங்க. ஆஸ்பத்திரியில பாட்டில் மருந்தும் ஒரு குச்சி ஊசியும்தான் குடுப்பாவ. ஊசி மேல மயிரிழை மாதிரிக் கோடு. ஒரு நாலஞ்சு கோடு கூடப்போனாலே ஆளச் சாச்சிரும். "நாளைக்கு அவ கல்யாணமாகிப் போயிட்டா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டா, "அப்பந்தான் கண்ணாடி வாங்கிருவேனே"ன்னு பட்டுன்னு பதில். எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருந்தாவ. நானும் ஏசிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். கண்ணாடிய நாம விக்கலாம், கொண்டுபோயி மூக்குல மாட்டவா முடியும்? எந்திரிச்சுப் போயிட்டாவ.

பொறவு ஒரு சித்திரை மாசம். வெயிலு மண்டையப் பிளக்குது. கண்ணாடிக் கால் ஒடைஞ்சிட்டுன்னு பாகு அண்ணாச்சி வந்தாவ, கூட வீட்டம்மா. வந்ததும் வந்தீங்க, அப்படியே பவரப் பாத்திருவோம்னு நாற்காலியில உக்கார வச்சேன். முதல் ரெண்டு வரி வழக்கம்போலச் சொன்னாவ. ஒரு லென்ஸ மாத்துனேன், நல்லா இருக்குன்னாவ. வேற லென்ஸ், அதுவும் நல்லா இருக்குன்னாவ. எடுத்துட்டு ஒண்ணுமே போடாமக் கேட்டேன், அதுவும் நல்லா இருக்காம். எனக்குக் கடுப்பாயிட்டு. அண்ணாச்சி, ஒழுங்கா எழுத்தப் பாத்துச் சொல்லுங்கன்னேன்.

"அடுப்பக் கொறைங்க, பாகு முறுகுது"ன்னாவ.

அந்தம்மா வெளியருந்து சிரிச்சாவ, கேலி பண்ணுதாவன்னு நெனச்சு. நான் டெஸ்ட் ஃபிரேமக் கழட்டிட்டு மூஞ்சியப் பாத்தேன். தலைக்கு மேல ஃபேனு ஓடுது, நெத்தியில வேர்வை முத்து முத்தா நிக்கி. கையத் தொட்டா சில்லுன்னு இருக்கு, நடுங்குது. சார்ட்டுல பதில் திடீர்னு மாறுதுன்னா லென்ஸ மாத்திக்கிட்டு இருக்காதீங்க. மூஞ்சியப் பாருங்க. கண்ணப் பாக்குற வேலைன்னு சொல்லிச் சொல்லி நாம அந்தக் கண்ணுக்குப் பின்னால ஒரு ஆளு உக்காந்திருக்கிறத மறந்துருதோம்.

"ஏம்மா, உள்ள வாங்க! இவியளுக்குச் சக்கரை எறங்குது!"

அந்தம்மா ஓடியாந்து, பதறிப்போயி அண்ணாச்சி சட்டைப் பையிலருந்து ஒரு கடலைமிட்டாய எடுத்து வாயில திணிக்கப் போனாவ. நான் கையத் தட்டிவிட்டேன். பாதி மயக்கத்துல இருக்கிற மனுசனுக்குக் கடலையக் குடுத்தா மெல்லுவாவளா? தொண்டையில போயி அடைச்சா அத யாரு எடுக்க? எதிர்த்த டீக்கடையப் பாத்துக் கத்துனேன், கிளாஸ் நெறையச் சீனியப் போட்டு ஆத்தி வெரசாக் கொண்டாங்கன்னு. தலைய நிமித்திப் பிடிச்சு, முழுங்குதாவளான்னு பாத்துப் பாத்து ஒவ்வொரு மடக்காக் குடுத்தேன். குடுத்துக்கிட்டே அந்தம்மாவக் கேட்டேன்:

"காலையில ஊசி யாரு இழுத்தா?"

"நாந்தான்."

"மக எங்க?"

"மதுரைக்கு மில்லு டிரெயினிங்னு அனுப்பியிருக்காவ. நேத்தே போயிட்டா. நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

"கோடு தெரிஞ்சுதா?"

அந்தம்மா முந்தானையால அண்ணாச்சி நெத்தி வேர்வையத் தொடைச்சாவ.

"ஏட்டி, கோடு தெரிஞ்சுதான்னு கேக்குதேன்!"

"எப்பவும் அவ இழுக்கிறத பாப்பேன்லாக்கா. அந்த அளவுக்குக் குத்துமதிப்பா..."

"குத்துமதிப்பா இழுக்க அது என்ன தாளிக்கிற எண்ணெயாட்டீ, கோட்டிக்காரி!"

கடைக்கு வந்த ரெண்டு பேரு வாசல்லயே நின்னுட்டாவ. கத்துறது தப்புன்னு உங்களுக்கு டிரெயினிங்ல சொல்லிக் குடுத்திருப்பாவ. சரிதான், நீங்க கத்தாதீங்க. எனக்கு அன்னைக்கு அடங்கல.

டீ உள்ள போனதும் அண்ணாச்சி முகத்துல ரத்தம் வந்துச்சு. "என்னாச்சு, ஏன் எல்லாரும் நிக்கீங்க?"ன்னு கேட்டாவ. அந்தம்மாவுக்குப் போன உசுரு வந்திட்டு. "சரியாயிட்டுல்லாக்கா, நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு இட்லி குடுக்கேன்"னாவ. அண்ணாச்சியும் எந்திரிச்சிட்டாவ, கம்பெனியில அடுப்பு பத்த வச்சிருப்பாவளாம். நான் ரெண்டு பேரையும் விடல. கூடுதலாப் போன மருந்து உள்ளதான் கெடக்கு, டீயோட தெம்பு தீந்ததும் திரும்ப இழுக்கும்னு சொல்லி, ஆட்டோவப் பிடிச்சு நானே கூடப் போயி ஆஸ்பத்திரியில சேத்தேன். முதலாளி அன்னைக்குக் கடைய யாரு பாப்பான்னு மொறைச்சாவ. மொறைச்சா மொறைக்கட்டும். கட்டில்ல படுக்க வச்சுக் கொஞ்ச நேரத்துலயே மறுபடியும் எறங்கிட்டு. ஓடியாந்து குளுக்கோஸ் ஏத்துனாவ. வீட்டுக்குப் போயி வெயிலுக்கு ஒரு தூக்கம் போடுவோம்னு படுத்திருந்தாவன்னா, எந்திரிச்சிருக்கவே மாட்டாவ. ஒரு ஆளு தெளிஞ்சு பேசுறத வச்சு, எல்லாம் சரியாயிட்டுன்னு வீட்டுக்கு அனுப்பிராதீங்க.

அந்தம்மா கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தாவ. பேசுனா ஏசிருவேன்னு வந்திட்டேன்.

மறுநாள் கடை ஷட்டரத் தூக்குதேன், அம்மாவும் மகளும் வாசல்ல நிக்காவ. மக ராத்திரியே மதுரையிலருந்து பஸ் ஏறி வந்திருக்கா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அண்ணாச்சி நல்லா இருக்காவளாம், மத்தியானம் விட்டுருவாவளாம். சாமி புண்ணியம்னு உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சேன். உக்காந்ததுதான் தாமசம், மக ஆரம்பிச்சிட்டா.

"மேடம், எனக்கு மாப்பிள்ளையே வேண்டாம்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

"பாத்தீங்களாக்கா? ஆஸ்பத்திரியிலயும் இதே பேச்சுத்தான். அவளுக்கு எந்த இடமும் பிடிக்காது. ஒண்ணுல லாரிச் சத்தம், ஒண்ணுல கரிசமண்ணு..."

"எனக்கு லாரிச் சத்தமாம்மா பிரச்சனை?" பிள்ளை போட்ட சத்தத்துல எனக்கே திக்குன்னுட்டு. அதிகம் பேசாத பிள்ளைன்னு சொன்னேம்லா. "நான் கயத்தாறுக்குப் போயிட்டா காலையில அப்பாவுக்கு யாரு ஊசி இழுப்பா? நீ இழுப்பியா? நேத்து இழுத்தியே, அப்படியா? நீ கண்ணாடி போடாம நான் எப்படி இந்த வீட்ட விட்டுப் போவேன்?"

அந்தம்மா மக பக்கமாத் திரும்புனாவ. "இதுக்காட்டீ வேண்டாம் வேண்டாம்ன? இத ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப? எனக்கு எல்லாம் தெரியுது, நீ போன்னு அனுப்பி வச்சிருப்ப. இங்க வந்து அட்டைய ஒப்பிச்சேல்ல, அதே மாதிரி என்கிட்டயும் ஒப்பிச்சிருப்ப."

அன்னைக்குத்தான் எனக்கே வெளங்கிச்சு. மக கல்யாணம் முடியட்டும்னு ஆத்தா கண்ணாடி போடல. ஆத்தா கண்ணாடி போடட்டும்னு மக கல்யாணம் பண்ணல. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு சொல்லுவாவளே, அந்தக் கதைதான். ஒரே வீட்டுக்குள்ள, ஒரே தட்டுல சாப்பிடுற மாதிரி இருக்கிற ரெண்டு பொம்பளைக, ஒருத்திக்காக ஒருத்தின்னு நெனச்சுக்கிட்டு, நடுவுல அந்த மனுசனக் கொல்லப் பாத்திருக்காவ. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு பேரையும் நாற்காலியில கட்டி வச்சு அடிக்கணும் போல இருந்துச்சு. "வாய்னு ஒண்ணு சாமி எதுக்குக் குடுத்திருக்கு? சாப்பிடுறதுக்கு மட்டுமா?"ன்னு கேட்டேன்.

டெஸ்ட் ஃபிரேம எடுத்து அந்தம்மா மூக்குல மாட்டுனேன். அன்னைக்கு வேண்டாம்னு ஒரு சொல் சொல்லல. நான் அட்டையும் எடுக்கல, பேப்பரும் எடுக்கல. மக பையில அப்பாவுக்கு வாங்கின புது ஊசி இருந்துச்சு. அதப் பிரிச்சுக் கையில குடுத்தேன். எதுக்காகக் கண்ணாடியோ, அதக் கையில குடுத்துத்தான் டெஸ்ட் பண்ணணும். நாம சொல்ற தூரத்துல இல்ல, அவிய வேலை செய்யிற தூரத்துல.

"எங்கன பிடிச்சு இழுப்பீங்களோ, அங்கன பிடிங்க. கோடு தெரியுதா?"

"பட்டையா ஒண்ணு தெரியுது."

லென்ஸ மாத்துனேன். "இப்ப?"

"பிரியுது. ரெண்டு ரெண்டாத் தெரியுது."

இன்னொண்ணு கூட்டுனேன். ஊசிய வெளிச்சத்துப் பக்கமாத் திருப்புனாவ.

"ஒவ்வொரு கோடாத் தெரியுதுக்கா. பெரிய கோட்டுக்கு நடுவுல சின்னச் சின்னக் கோடுகூட இருக்கு. இது முன்னயும் இருந்துச்சா?"

"எப்பவும் இருந்துச்சு"ன்னேன்.

சும்மா விடல நான். ஒரு டம்ளர்ல தண்ணிய வச்சு, டாக்டர் சொன்ன அளவு வரைக்கும் இழுத்துக் காட்டச் சொன்னேன். பைய இழுத்தாவ. கூடப் போச்சு, தள்ளுனாவ, கோட்டுல கொண்டாந்து நிப்பாட்டுனாவ. சரியான்னு பாக்குறதுக்கு மக குனிஞ்சு, அம்மா தோள் மேல தாடைய வச்சாப்ல ஊசியப் பாத்தா. "சரியா இருக்கும்மா"ன்னா. அந்தம்மா சந்தோசத்துல திரும்பி மகளப் பாத்தாவ, அந்தக் கண்ணாடியோட, அம்புட்டுப் பக்கத்துல.

பாத்துட்டு, "தலைய ஆட்டாத, மில்லுப் பஞ்சு ஒட்டியிருக்கு"ன்னு மக காதுக்கு மேல விரல வச்சு எடுத்தாவ. வரல. நகத்தால கிள்ளி இழுத்தாவ.

"வலிக்கும்மா. பஞ்சு இல்ல."

அந்தம்மா கேக்கல. பக்கத்துல இன்னொண்ண இழுத்தாவ. அதுவும் வரல. முடிய ஒதுக்கிப் பாத்தாவ, உள்ள இன்னும் வெள்ளை வெள்ளையா இருந்துச்சு.

"எப்பட்டீ வந்துச்சு இது?"

"அது வந்து நாளாச்சு. விடும்மா."

கையக் கீழ போட்டாவ. ஃபிரேமக் கழட்டி, முந்தானைய எடுத்து லென்ஸத் தொடைச்சாவ. தொடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடியும் மகளப் பாத்தாவ. லென்ஸச் சேலையில தொடைச்சா கீறல் விழும்னு நான் வர்றவியள எல்லாம் ஏசுவேன். அன்னைக்குத் தொடைக்கட்டும்னு விட்டுட்டேன்.

செத்த நேரம் கழிச்சு, ஃபிரேம் எல்லாம் வரிசையா மாட்டியிருக்கிற சுவத்தக் காட்டி, "எந்த மாதிரி வேணும்மா?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல. "இன்னைக்கே கெடைக்கிறது எதுவோ, அதக் குடுங்கக்கா"ன்னாவ.